துணைக்கு வந்தவர்கள்

மலிகா விழுந்து கையை முறித்துக்கொண்ட பிறகுதான் கல்லூரியில் மாணவர் நலக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். எழுபத்திரண்டாம் ஆண்டு ஐப்பசி மாதம். குழுவின் முதல் கூட்டம் முதல்வரின் அறையில் நடந்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஃப்ளோரன்ஸ் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தாவணி முனையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

அவள் வேதியியல் மூன்றாமாண்டு. மாணவியர் செயலாளர் பதவி அவளுக்குப் போட்டியில்லாமல் வந்தது. வேறு எந்தப் பெண்ணும் அதைக் கேட்கவில்லை. கோடை விடுமுறையில் மாணவர் தலைமைப் பயிற்சி முகாம் என்று ஏற்காட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே கூட்டம் நடத்துவது எப்படி, தீர்மானம் கொண்டுவருவது எப்படி, நன்றியுரை சொல்வது எப்படி என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். கல்லூரிக்கும் டோல்கேட் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே இருக்கும் இருட்டுச் சந்து பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

அந்தச் சந்தின் ஒரு பக்கம் முழுக்கக் கிடங்குகளின் மதில். இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குச் சரக்கு வண்டி போகும் தண்டவாளம்; டோல்கேட்டுக்கு அதைத் தாண்டித்தான் போகவேண்டும். விளக்கு கிடையாது. ஆய்வுக்கூட வகுப்பு முடிந்து பெண்கள் கிளம்பும்போது, மழைக்காலமென்றால், பாதி இருட்டியிருக்கும். போன வாரம் அந்த இருட்டில்தான் முதலாமாண்டு மலிகாவின் முக்காட்டை யாரோ ஒருவன் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். அவள் ஓடினாள். தண்டவாளத்தில் கால் தடுக்கி விழுந்தாள். பின்னால் வந்த பெண்கள் தூக்கி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டார்கள். முகம் தெரியவில்லை என்று மலிகா சொன்னாள். வெளி ஆட்கள், கிடங்குப் பக்கத்து ரவுடிகள் என்று கல்லூரி முடிவு செய்துகொண்டது.

"திங்கக்கிழமையிலிருந்து பெண்கள் எல்லாரும் நாலு மணிக்குக் கிளம்பிடணும்," என்றார் முதல்வர்.

"அப்ப எங்க பிராக்டிகல் சார்?" ஃப்ளோரன்ஸ் கேட்டாள்.

"முதல் வருஷப் பெண்களை வரலாறுக்கு மாத்திக்கலாம். உங்க வகுப்புக்கு வேற ஏதாவது யோசிப்போம். உயிர் முக்கியமா, பிராக்டிகல் முக்கியமா?"

அவள் பதில் தேடுவதற்குள் எதிர் நாற்காலியிலிருந்து வேதகிரி எழுந்தான். மாணவர் பேரவைத் தலைவன். கல்லூரி வாசலில் பஸ் நிற்கவேண்டும் என்று, பலிக்காவிட்டாலும், மறியல் செய்தவன், ரத்ததான முகாம் நடத்தியவன். ஏற்காட்டில் சிறந்த பேச்சாளர் பரிசு வாங்கியவனும் அவன்தான்.

"சார், தப்பு பண்ணவன் வெளிய கீறான். அதுக்குப் பொண்ணுங்க படிப்பை எதுக்கு சார் நிறுத்தணும்? நம்ம பசங்க ஒரு தொண்டர் படை வெச்சிக்கறோம். பொண்ணுங்க கூடவே நடந்து டோல்கேட்ல பஸ் ஏத்தி விட்டுட்டு வர்றோம். எங்க தங்கச்சிங்கள நாங்க பாத்துக்க மாட்டோமா?"

முதல்வரின் முகம் தெளிந்தது. ஃப்ளோரன்ஸும் தாவணி முனையை விட்டாள். பெண்களை வரலாற்றுக்கு மாற்றுவதற்கு இது எவ்வளவோ மேல். அவள்தான் அந்தத் தீர்மானத்தை வழிமொழிந்தாள்.

அன்று மத்தியானமே, நல்ல சேதியைத் தன் வாயால் சொல்லவேண்டும் என்று, வண்ணாரப்பேட்டையில் மலிகாவின் வீட்டுக்குப் போனாள்.

மலிகாவின் அண்ணன் ரஷீது பழைய சாக்கு வியாபாரி. கடைக்குப் பின்னாலேயே வீடு. தகப்பன் இல்லாத குடும்பத்தை அவன்தான் தாங்கிக்கொண்டிருந்தான். அவர்கள் தெருவிலேயே கல்லூரிக்குப் போன முதல் பெண் மலிகா. வந்தவளை உட்கார வைத்துவிட்டு, ரஷீது வாசற்படியிலேயே நின்று பேசினான்.

"வெளி ஆளுன்னா நான் பயப்பட மாட்டேம்மா. கடைய மூடிட்டு நானே வந்து இட்டுகினு வருவேன். ஆனா காலேஜ் பசங்களா இருந்தா அது வேற. அவனுங்க மூஞ்சியவே டெய்லி பாத்துகினு இது எப்படிப் படிக்கும்? அப்பால நான் அனுப்ப மாட்டேன். ஒனக்குத் தெரிஞ்சத சொல்லு, வெளி ஆளு தானே?"

"வெளி ஆளுதான் பாய்," என்றாள் ஃப்ளோரன்ஸ். அவளுக்கு அப்போது தெரிந்தது அவ்வளவுதான்.

ரஷீது டீ வாங்கப் போனான். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு மலிகா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஃப்ளோரன்ஸ் தொண்டர் படையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். வேதகிரியின் பெயர் வந்ததும் மலிகாவின் முகம் வெளுத்தது.

"அவரா துணைக்கு வர்றாரு?"

"ஆமா. ஏன்?"

மலிகா வாசலைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இழுத்ததே அவருதான்க்கா. பந்தயம் கட்டிகினு வந்தாங்க. என் தலைமுடி எம்மாம் நீளம்னு பாக்கணுமாம். திரும்பிப் பாத்தேன், மூஞ்சி நல்லாவே தெரிஞ்சிச்சி."

ஃப்ளோரன்ஸ் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் ரெண்டு பேரு மதிலாண்ட நின்னுகினு சிரிச்சாங்க," என்றாள் மலிகா. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள். பிறகு சொன்னாள். "அதுல ஒருத்தரு உங்க தம்பி."

தெருவில் ரஷீதின் செருப்புச் சத்தம் கேட்டது. மலிகா நல்ல கையால் ஃப்ளோரன்ஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடாதீங்கக்கா. அண்ணன் சொன்னதக் கேட்டீங்க இல்ல? என் படிப்பு போய்டும். சத்தியம் பண்ணுங்க."

ஃப்ளோரன்ஸ் சத்தியம் செய்தாள். டீயைக் குடித்தாள். அது சூடாக இருந்ததா ஆறியிருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ராயபுரம் வரை நடந்தே வந்தாள். தம்பி கஸ்பார் அதே கல்லூரியில் முதலாமாண்டு. கால்பந்து ஆடுவான். அவனைக் கல்லூரி அணியில் சேர்த்துவிட்டதே வேதகிரிதான். அந்த விசுவாசத்தில் அவன் பின்னாலேயே திரிந்துகொண்டிருந்தான். அவள் வீடு சேர்ந்தபோது கஸ்பார் கொல்லைக் குழாயடியில் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தான்.

"மலிகா வூட்டுக்குப் போயிருந்தேன்," என்றாள்.

அவன் கை நின்றது. அதுவே போதுமாக இருந்தது.

"நான் ஒண்ணியும் பண்லக்கா. தொடக்கூட இல்ல. சும்மா நின்னுகினு இருந்தேன்."

"சிரிச்சியா?"

"எல்லாரும் சிரிச்சானுங்க."

"அவ விழுந்தப்போ?"

"கை ஒடைஞ்சிருக்கும்னு யாருக்குத் தெரியும்? ஓடிட்டோம்." அவன் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சொல்லுன்னு சொல்லாத. சொன்னா டோல்கேட் பக்கம் நான் கால் வெக்க முடியாது. வேதகிரிக்கு எம்மாம் ஆளு கீறாங்க தெரியுமா ஒனக்கு?"

அடுப்படியிலிருந்த அம்மா எல்சிக்கு எல்லாமே கேட்டுவிட்டது. ஈரக்கையோடு வெளியே வந்தாள். "தா பாரு ஃப்ளோரி, அவன் பேரு வெளிய வந்துச்சி, படிப்பு அம்பேல். ஒங்க நைனா ஹார்பர் வின்ச்சுல நின்னு நின்னு முதுகு போய்க் கெடக்கறாரு. ஆம்பளப் புள்ள ஒண்ணுதான் கீது. நீ வாய மூடிகினு இரு."

"மூடிகினுதாம்மா இருக்கப் போறேன். வேற வழியில்ல," என்றாள் ஃப்ளோரன்ஸ். ஞாயிறு பூசையில் மண்டியிட்டபோதும் அவள் மனம் அந்தச் சந்திலேயே நடந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை மாலை தொண்டர் படை வாசலில் வந்து நின்றது. சட்டையில் பச்சை பேட்ஜ். கஸ்பாரும் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டு, அக்காவின் கண்ணில் படாமல் ஓரமாக நின்றான். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த பெண்கள் அவர்களைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தார்கள். ஒருத்தி, தன் அம்மா அவர்களுக்கென்று கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலத்தை வேதகிரியிடம் நீட்டினாள்.

சந்துக்குள் நுழைந்தார்கள். முன்னால் சில பையன்கள், பின்னால் சில பையன்கள், நடுவில் பெண்கள். வேதகிரி ஃப்ளோரன்ஸுக்குப் பக்கத்தில் வந்தான். "மலிகா எப்படி கீறாங்க? பாவம். நாங்க எல்லாரும் ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வரலாம்னு கீறோம்."

அவள் நின்றாள். தண்டவாளம் இரண்டு அடி தள்ளி மழைநீரில் மினுங்கியது. அவள் ஏதாவது சொன்னால் சத்தியம் போய்விடும். சொல்லாமல் இவனோடு இன்னும் ஓர் அடி நடக்கவும் முடியவில்லை.

"நாங்க தனியாப் போய்க்கறோம்," என்றாள். பெண்களின் பக்கம் திரும்பினாள். "இவங்க துணை நமக்கு வேணாம். கையப் புடிச்சிகினு நாமளே போவோம்."

பெண்கள் விழித்தார்கள். இரண்டாமாண்டு ரோசி, "யக்கா, இன்னா பேசற நீ? இருட்டுல தனியா யாரு போவா?" என்றாள்.

"நான் போறேன்."

"காரணத்த சொல்லு."

"சொல்ல முடியாது."

யாரும் அசையவில்லை. ஃப்ளோரன்ஸ் தனியாகவே நடந்தாள். பின்னால் பையன்கள் மத்தியில் யாரோ ஒருவன் சீட்டியடித்தான். இன்னொருவன் அவள் நடையைப் போலவே நடந்து காட்டியிருக்க வேண்டும். சிரிப்புச் சத்தம் எழுந்தது. அவள் திரும்பவில்லை. டோல்கேட்டின் விளக்குகள் கண்ணில் பட்ட பிறகுதான் நடையைத் தளர்த்தினாள்.

அடுத்த நாளும் தனியாகவே போனாள். அதற்கடுத்த நாள் ரோசி ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். "ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா நீ பைத்தியக்காரி இல்லன்னு எனக்குத் தெரியும்," என்றாள். மற்றவர்கள் படையோடுதான் போனார்கள். சீட்டியொலி தினமும் தொடர்ந்து வந்தது. ஒருநாள் மதிலின் மேலிருந்து ஒரு கல் வந்து அவள் காலடியில் விழுந்தது. அன்று கஸ்பார் படையில்தான் நடந்துகொண்டிருந்தான். கல் விழுந்ததையும் பார்த்தான், எறிந்த கையையும் பார்த்தான். வீட்டில் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து போனான்.

அவள் மறுபடியும் மலிகாவைப் போய்ப் பார்த்தாள். "நீ சரின்னு சொன்னாத்தான் பேசுவேன்," என்றாள். மலிகா மாவுக்கட்டின் நுனியைச் சுரண்டிக்கொண்டே, "வேணாம்க்கா," என்றாள். ஃப்ளோரன்ஸ் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

பேரவைத் தலைவன் எழுத்தில் புகார் கொடுத்தான். மாணவியர் செயலாளர் பாதுகாப்பு ஏற்பாட்டை மீறுகிறார், மற்றப் பெண்களையும் கெடுக்கிறார் என்று. மறுபடியும் குழு கூடியது.

"காரணம் என்னன்னு சொல்லு," என்றார் முதல்வர். "இல்லன்னா செயலாளர் பதவியிலிருந்து உன்னை எடுக்கறதைத் தவிர எனக்கு வழியில்லை."

"எடுத்துடுங்க சார்."

"இது என்ன பிடிவாதம்?"

ஃப்ளோரன்ஸ் நிமிர்ந்தாள். எதிரில் வேதகிரி வருத்தமான முகத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் புரிந்திருந்தது. அவள் சொல்லமாட்டாள் என்பதும் புரிந்திருந்தது.

அப்போதுதான் தாழ்வாரத்தில் பியூனின் குரல் உயர்ந்தது. கதவு திறந்தது. ரஷீது நின்றான். சாக்குத்தூசி படிந்த சட்டை, நனைந்த தலை. அவன் பிடியில் கஸ்பாரின் மணிக்கட்டு.

கஸ்பார் முதல்வரிடம் போகவில்லை. அவர் மூடி மறைத்துவிடுவார் என்று நினைத்தான். குழு கூடுவது தெரிந்ததும் வகுப்பை விட்டு நேரே வண்ணாரப்பேட்டைக்குப் போய், சாக்கு அடுக்கிக்கொண்டிருந்த ரஷீதின் முன்னால் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ரஷீது அடிக்கவில்லை. கடையைச் சாத்தினான், அவன் கையைப் பிடித்தான், பஸ் ஏறினான்.

"இங்க சொல்லு," என்றான் ரஷீது. "என்னாண்ட சொன்னத அப்படியே சொல்லு."

கஸ்பார் தரையைப் பார்த்தபடி சொன்னான். பந்தயம், மதில், சிரிப்பு, ஓட்டம், அப்புறம் அந்தக் கல்.

வேதகிரி பதறவில்லை. "சார், இவன மேட்ச்ல ஆட விடலன்னு என் மேல பேஜாரா கீறான். அக்காவும் தம்பியும் சேந்துகினு என் பேர கெடுக்கறாங்க. அடிபட்ட பொண்ணே மூஞ்சி தெரியலன்னுதானே சொல்லிச்சி?"

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பெண் வந்து சொல்லாம நான் எந்த முடிவும் எடுக்க முடியாது," என்றார்.

ரஷீது ஃப்ளோரன்ஸைப் பார்த்தான். "வெளி ஆளுன்னு நீ சொன்னியேம்மா."

"அப்ப எனக்குத் தெரியாது பாய். உங்க தங்கச்சி சொல்லித்தான் தெரிஞ்சது. சொல்லாதன்னு சத்தியம் வாங்கிகிச்சு."

அவன் கஸ்பாரின் கையை விட்டுவிட்டு வெளியேறினான்.

மறுநாள் காலை குழு மறுபடி கூடியபோது மலிகா வந்தாள். கட்டுப் போட்ட கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்க, அண்ணனுக்கு முன்னால் வேகமாக நடந்து வந்தாள். முதல்வர் உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. அவள் அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். அவள் கோபமாக இருந்தாள்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்," என்றாள். "என்னக் கேக்காமலே கஸ்பாரு போய் எங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டாரு. என்னக் கேக்காமலே அண்ணன் இங்க வந்து சொல்லிட்டாரு. விழுந்தது நான். எல்லாரும் பேசி முடிச்சப்பறம் இப்ப என்னக் கூப்புடறீங்க. சரி, நானே சொல்றேன். இழுத்தவரு இவரு." வேதகிரியைக் காட்டினாள். பிறகு கஸ்பாரையும் காட்டினாள். "சிரிச்சவங்கள்ல இவரு ஒருத்தரு. இப்ப வந்து சொன்னாருங்கறதுக்காக அது இல்லன்னு ஆகிடாது."

வேதகிரி பேச எழுந்தான். மலிகா அவனை நேராகப் பார்த்தாள். அவனுக்கு வழக்கமாக வரும் சொற்கள் வரவில்லை. "வெளையாட்டுக்குத்தான்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி உட்கார்ந்துவிட்டான்.

குழு கை தூக்கி முடிவெடுத்தது. வேதகிரியை அந்த ஆண்டு முழுவதும் நீக்குவது என்பதற்கு மற்ற எல்லாக் கைகளும் எழுந்தன. கூடச் சிரித்தவர்களை ஒரு பருவம் நிறுத்திவைப்பது என்ற அடுத்த தீர்மானம் வந்தபோது, "கஸ்பார் தானே முன்வந்து சொன்னவன், அவனை விட்டுடலாமே," என்றார் முதல்வர், ஃப்ளோரன்ஸைப் பார்த்து, அவளுக்கு ஓர் உபகாரம் செய்கிறவரைப் போல. கஸ்பார் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். மலிகா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃப்ளோரன்ஸ் கையைத் தூக்கினாள். அவனையும் சேர்த்துத்தான்.

அம்மா அதன்பிறகு பல நாள் அவளோடு பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்பா அம்புரோஸ் மட்டும், துறைமுகத்திலிருந்து வந்து கால் கழுவும்போது ஒருமுறை கேட்டார்.

"ஒன் தம்பின்னு யோசிக்கலயா?"

"யோசிச்சேன் நைனா. தூக்கறதுக்குள்ள கை கனத்துப் போச்சு."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "அடுத்த பருவம் வரைக்கும் சும்மா கெடக்க வாணாம். என் கூட ஹார்பருக்கு வரட்டும், மூட்ட தூக்கட்டும்," என்றார். கஸ்பார் போனான். டோல்கேட்டில் வேதகிரியின் ஆட்கள் ஒருநாள் அவனைப் பிடித்து உதட்டைக் கிழித்தார்கள். வீட்டுக்கு வந்து மஞ்சள் வைத்துக்கொண்டவன், மறுநாளும் அதே வழியில்தான் போனான்.

ரஷீது தங்கையை அனுப்பமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னான். மலிகா சாப்பிடாமல் கிடக்கவில்லை, அழவில்லை. கடைக்கு வந்து சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, வருகிற வாடிக்கையாளர் முன்னிலையிலேயே அண்ணனோடு வாதாடினாள். "தப்பு பண்ணவன வெளிய தள்ளிட்டாங்க. நான் எதுக்கு வூட்ல உக்காரணும்?" கட்டுப் பிரித்த வாரத்தில் அவன் அவளைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து விட்டான். ஃப்ளோரன்ஸைப் பார்த்தவன், "பாத்துக்கோ," என்று சொல்ல வாயெடுத்து, தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

தொண்டர் படை கலைந்ததும் முதல்வர் மறுபடியும் கொண்டுவந்த நாலு மணி உத்தரவைப் பெண்கள் ஏற்கவில்லை. ஃப்ளோரன்ஸும் ரோசியும் கேட்டதன்பேரில் எல்லோரும் ஆய்வுக்கூடத்தை விட்டு எழ மறுத்தார்கள். சந்தில் விளக்குப் போட முதல்வர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். மழை முடிந்து பனி தொடங்கியும் கம்பம்கூட நடப்படவில்லை. பெண்கள் கும்பலாகப் போனார்கள். ஒருத்தி சைக்கிள் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

மலிகா திரும்பி வந்த முதல் மாலை, கும்பலின் கடைசியில் ஃப்ளோரன்ஸ் நடந்தாள். மதிலோரம் ஏதாவது அசைந்தால் திரும்பினாள். பூனை. காகிதம். கிடங்கிலிருந்து வெளிவரும் கூலியாட்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவர்களையும் அவள் முறைத்தாள். இந்தப் பயம் எப்போது போகும் என்று தெரியவில்லை. போகாமலே கூட இருக்கலாம்.

தண்டவாளம் நெருங்கியதும் எல்லோரும் தயங்கினார்கள். யாராவது கையைக் கொடுக்கவேண்டுமோ என்று ரோசி மலிகாவின் பக்கம் நகர்ந்தாள்.

"வேணாம்," என்றாள் மலிகா.

பாவாடையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினாள். தாண்டியவள் அங்கே நிற்கவில்லை. கும்பலுக்கு முன்னால், யாரும் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் நடந்தாள்.

"மெதுவாப் போடி," என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"பஸ் போய்டும், நீங்க வேகமா வாங்க," என்று திரும்பாமலே சொன்னாள். ஃப்ளோரன்ஸ் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அவள் பின்னால் போனாள்.